ஆர்விலுக்காக, எடுக்காதே

சனிக்கிழமை காலை லெஸ்யா எழுந்தபோது வெளியே மைனஸ் முப்பத்தொன்று. மேசைமேல் திறந்தே கிடந்த மடிக்கணினியில் பதினேழு. முதலாவது குளிர், அதற்குத் தடித்த கோட்டு இருக்கிறது. இரண்டாவது பாதுகாப்பு எச்சரிக்கைகள். அவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமையைத்தான் கொடுக்க வேண்டும். போன ஞாயிறும் அதற்கு முந்தைய ஞாயிறும் அப்படித்தான் போயின.

பதினேழில் ஒன்றுகூட அவள் எழுதிய நிரலைப் பற்றியது அல்ல.

அவள் எட்டு வருடங்களுக்கு முன் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்கு ஸ்பீல் என்று பெயர். ஒரு போட்டியில் யார் யாரோடு மோதுகிறார்கள், தோற்றவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள், கடைசியில் இரண்டு பேர் எப்படி எதிரெதிரே வந்து நிற்கிறார்கள் என்பதைக் கோடு போட்டு வரைந்து காட்டும். கனடாவின் சாஸ்கடூன் நகரில் அவள் கர்லிங் ஆடும் கிளப்புக்காக விளையாட்டாக எழுதியது. பனித்தளத்தில் கருங்கல்லை வழுக்கிவிட்டு அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்தபடி ஓடுகிற அந்த ஆட்டத்துக்கென்று பிறந்த லைப்ரரியைப் பிறகு சதுரங்கக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், மேசைப்பந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், போலந்தில் புறாப் பந்தயம் விடுகிற ஒரு சங்கமும் எடுத்துக்கொண்டது. இப்போது வாரத்துக்கு நாற்பதாயிரம் பேர் இறக்கிக்கொள்கிறார்கள். மொத்தம் அறுநூற்று நாற்பது வரிகள். காபி ஆறுவதற்குள் வாசித்துவிடலாம்.

ஆனால் அதை நிறுவினால் கூடவே நானூற்றுப் பதினொரு பேக்கேஜ்கள் வந்து இறங்கும். காரணம் கம்பைலர். ஸ்பீலைப் பொறுத்தவரை கம்பைலர் ஒரு மொழிபெயர்ப்பாளர். இன்றைய நடையில் எழுதிய நிரலை, பழைய பிரவுசர்களுக்கும் புரிகிற பழைய நடைக்கு மாற்றித் தருவது அதன் வேலை. நல்ல மொழிபெயர்ப்பாளர்தான், ஒரு சொல் பிசகாது. ஆனால் தனியாக வர மாட்டார். மாமன், மச்சான், மச்சானுடைய பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு பட்டாளத்தோடு வந்து கூடம் முழுக்கப் பாய் விரித்துவிடுவார். ஒவ்வொரு கிளப்பும் தன் வண்ணங்களையும் விதிகளையும் சேர்த்துக்கொள்ள வசதியாக, நிறுவுகிற இடத்திலேயே மொழிபெயர்ப்பு நடக்கும்படி லெஸ்யா அந்த நாளில் ஏற்பாடு செய்திருந்தாள். அதனால் அந்தப் பட்டாளம் அவள் வீட்டில் மட்டுமல்ல, நாற்பதாயிரம் பேர் வீட்டிலும் பாய் விரித்தது. ஆர்க்டிக் ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார்: "சாட்டிலைட் இணைப்பில் காலை ஒன்பதுக்கு உங்கள் லைப்ரரியை இறக்கத் தொடங்கினேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது."

போன் அடித்தது. வினிபெக்கிலிருந்து ஜோவென். ஐந்து வருடமாக அவளோடு சேர்ந்து ஸ்பீலைக் கவனித்துக்கொள்கிறவன். இருவருக்கும் இதில் சம்பளம் கிடையாது. வேறு வேலைகள் இருந்தன. சிரித்துக்கொண்டே சண்டை போடுகிறவன், இன்று சிரிக்கவில்லை.

"லெஸ், பதினேழு பாத்தியா?"

"பாத்துட்டேன்."

"நேத்து பதினாலு. நம்ம கோட்ல ஒரு எழுத்து மாறல. யாரோ சொந்தக்காரங்களுக்கு ஜுரம், நாம உக்காந்து கஞ்சி காய்ச்சறோம்."

"சரி, நாளைக்கு நான் பாத்துக்கறேன்."

"நாளைக்கு நீ பாப்ப, அடுத்த வாரம் நான் பாப்பேன். டயட் மூணு வாரமா ரெடியாக் கெடக்கு, லெஸ்."

டயட் என்பது அவன் தனியாகச் செய்துவைத்திருந்த மாற்று வடிவம். அதில் கம்பைலர் இல்லை. அதன் இடத்தில் சின்னதாக ஒரு கருவி. வேலையை இவர்கள் பக்கத்திலேயே முடித்து ஒரே கோப்பாக அனுப்பிவிடும். நிறுவுகிறவர் வீட்டுக்கு யாரும் போக வேண்டியதில்லை.

"நானூத்திப் பதினொண்ணு போயி ரெண்டே ரெண்டு," என்றான் ஜோவென். "முன்ன பில்ட் பண்ணா நான் போயி முட்டை அவிச்சிட்டு வருவேன். இப்ப கண்ணு சிமிட்டறதுக்குள்ள முடிஞ்சிடுது. மொத தடவ ஓடவே இல்லையோன்னு நெனச்சு மூணு வாட்டி போட்டுப் பாத்தேன்."

"தெரியும். ரொம்ப அழகா பண்ணியிருக்க."

"அப்பறம் என்ன?"

"அது அவ்வளவு பழைய நடைக்கு மாத்தாதே. ஆர்வில்லோட மெஷின்ல வெறும் வெள்ளைத் திரைதான் வரும்."

வினிபெக்கில் ஒரு பெருமூச்சு.

"ஆர்வில்," என்றான்.

"ஆமா."

"ஒரு பக்கம் நாப்பதாயிரம் பேரு. இன்னொரு பக்கம் ஆர்வில்."

"இதுல ஆர்வில் ஒருத்தரத்தான் எனக்குப் பேர் சொல்லித் தெரியும்."

"மத்தவங்களுக்கெல்லாம் அவங்க அம்மா அப்பா பேரே வெக்கலையா?"

ஜோவென் குரலைத் தாழ்த்தினான். அவன் குரல் தாழ்ந்தால்தான் பயப்பட வேண்டும்.

"கோவத்துல சொல்லல, லெஸ். எனக்கு முடியல. திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்பறம் டயட்ட நான் தனியா எடுத்துட்டுப் போயி வேற பேர்ல நடத்திக்கறேன். ஸ்பீல் உங்கிட்டயே இருக்கட்டும்."

அப்படி நடந்தால் ஆட்கள் அவனோடு போய்விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். போகட்டும், நல்லதுதான். ஆனால் இந்தப் பக்கம் நானூற்றுப் பதினொரு விருந்தாளிகளோடு அவள் மட்டும் மிஞ்சுவாள். அவளும் ஆர்விலும்.

"அவருக்கு ஒரு மெயில் போட்டு நேராக் கேளேன்," என்றான் ஜோவென்.

"கேட்டா என்ன சொல்வாரு? 'ஒண்ணும் பிரச்சினையில்ல'ம்பாரு. கால்மேல கல்லு விழுந்தாலும் அதத்தான் சொல்ற ஆளு. அது இல்ல இப்ப." அவள் தயங்கினாள். "செவ்வாக்கிழமை ஒரு பதிப்பு அனுப்பினேன்ல. அதுக்கு இன்னும் பதில் வரல."

"ஆர்வில்கிட்ட இருந்தா?"

"முப்பத்திரெண்டு தடவைல இதான் மொத தடவ."

ஜோவென் பழைய குரலில் கேட்டான்: "போன் பண்ணிப் பாத்தியா?"

"கிளப் நம்பர்தான் இருக்கு. அடிச்சிக்கிட்டே இருக்கு. எடுக்க ஆளில்ல."

"அப்ப கெளம்பு. நேர்லயே போய்ப் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு."

*

காரின் இன்ஜினைக் கதகதப்பாக வைத்திருந்த மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிவிட்டு லெஸ்யா வடமேற்கே கிளம்பினாள். ஆர்விலின் ஊரான ஓட்லண்டுக்கு இரண்டு மணி நேரம். சாலையின் இரு பக்கமும் வயல்களா வானமா என்று பிரித்துச் சொல்ல முடியாத வெண்மை. நடுநடுவே தானியக் கிடங்கு ஒன்று, வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தில் யாரோ விரலை வைத்ததுபோல நின்றது.

ஆர்வில் வீப்பை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஸ்பீல் வெளிவந்த இரண்டாம் வருடம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓட்லண்ட் கர்லிங் கிளப்பில் பனித்தளத்தைப் பராமரிப்பவர். சமையல் கவுண்டருக்கு மேலே இருக்கும் திரையை ஒரு பழைய கணினி நடத்துகிறது. உங்கள் புதிய பதிப்பைப் போட்டதும் திரை வெள்ளையாகிவிட்டது. உங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு வருந்துகிறேன், அவசரமில்லை. அவ்வளவுதான் கடிதம். லெஸ்யாவுக்குக் காது சுட்டது. கர்லிங்குக்காக எழுதியது ஒரு கர்லிங் கிளப்பிலேயே ஓடவில்லை. அந்த வாரமே அவள் கம்பைலரைக் கொண்டுவந்தாள். உங்கள் இயந்திரத்தில் ஓடாத எதையும் இனி வெளியிட மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு பதிப்பையும் முன்கூட்டியே அனுப்பினால் போட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டாள். "தாராளமாக," என்று எழுதினார் ஆர்வில். கம்பைலருக்கான கட்டளைக் கோப்பில் அன்றைக்கு அவள் ஒரு வரியைச் சேர்த்து, அதன் தலைமேல் ஒரு குறிப்பும் எழுதி வைத்தாள்: "ஆர்விலுக்காக, எடுக்காதே."

அதிலிருந்து ஆறு வருடம். எப்போது அனுப்பினாலும் இரண்டு நாளுக்குள் பதில் வரும். எப்போதும் ஒரே பதில்: "போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது. பனி நன்றாக இருக்கிறது."

பக்கத்து இருக்கையில் கைக்குட்டையில் சுற்றி ஒரு புதிய குட்டிக் கணினி இருந்தது, சீட்டுக்கட்டு அளவுதான். ஆர்வில் நலமாக இருந்தால் அதைக் கொடுத்து, பழையதை விட்டுவிடும்படி கெஞ்சிக் கேட்பதாக இருந்தாள். வாக்கை மீற வந்திருக்கிறேன் என்பதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று மட்டும் கடைசி மைல்வரை தெரியவில்லை.

*

ஓட்லண்ட் கிளப்புக்கு முன்னால் நாற்பது வண்டிகள் நின்றன. வருடாந்தரப் போட்டி நாள். கதவைத் திறந்ததும், பைரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்காக வெங்காயம் வெண்ணெயில் வதங்கும் வாசனை முகத்தில் மோதியது.

"சாத்து கண்ணு, சாத்து! ஊருக்கெல்லாம் சேத்து ஹீட்டர் போடல நாங்க," என்றாள் கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெண். சிவந்த கன்னம், மாவு படிந்த முழங்கை, அறுபது வயதிருக்கும். "எந்த டீம் நீ? பிக்கர்டன் டீம்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஆள் இல்லாம அழுதுட்டு இருக்காங்க."

"டீம் எதுவும் இல்ல. ஆர்வில் வீப்பப் பாக்க வந்தேன். அவரு நல்லா இருக்காரா?"

"ஆர்வில்லா? அவருக்கென்ன கேடு? காலைல பன்னெண்டு பைரோகி தின்னுட்டுப் போனாரு. பொண்டாட்டி சொல்றேன், நம்பு."

லெஸ்யா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால், ஆட்டம் முடிந்த தளம் ஒன்றில், உயரமான ஒரு மனிதர் முதுகில் தண்ணீர்க் குடுவையோடு பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். கையிலிருந்த குழலை இடமும் வலமுமாக ஆட்ட, வெந்நீர்த் துளிகள் பனிமேல் சிதறி உடனே உறைந்தன. அந்தத் துளிகளின்மேல்தான் கல் வழுக்கும். அந்த வேலை நடக்கும்போது யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள்.

பக்கத்துத் தளத்தில் ஓர் ஆட்டம் பாதியில் முடிந்தது. ஆறு புள்ளி பின்தங்கியிருந்த அணித்தலைவர் கையுறையைக் கழற்றிக் கை நீட்டினார். எதிரணிக்காரரும் கழற்றிக் குலுக்கினார். இனி ஜெயிக்க வழியில்லை என்று தெரிந்தால் அப்படித்தான்; அதில் வெட்கம் எதுவும் கிடையாது. மிச்சக் கற்களையும் பிடிவாதமாகப் போட்டு எல்லாரையும் குளிரில் நிற்கவைப்பதுதான் மரியாதைக்குறைவு. ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க முதல் கோப்பை வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு அணியும் சிரித்தபடி கவுண்டரை நோக்கி வந்தன.

அப்போதுதான் லெஸ்யா மேலே பார்த்தாள். கவுண்டருக்கு மேல், சுவரை அடைத்துக்கொண்டு, பளபளவென்று ஒரு பெரிய டிவி. அதில் ஸ்பீல் ஓடிக்கொண்டிருந்தது. அணிகளின் பெயர்கள், கோடுகள், எல்லாம் ஊசிமுனைத் துல்லியத்தில்.

"இந்த டிவி புதுசா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"குலுக்கல்ல விழுந்தது. அஞ்சு வருஷம் ஆச்சு. நெட்டு, படம் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு."

"அப்ப அந்தப் பழைய கம்ப்யூட்டர்?"

அந்தப் பெண், கோரலி என்று சட்டையில் தைத்திருந்தது, கரண்டியைக் கீழே வைத்தாள். "அதப் பத்தி எங்கிட்டக் கேக்காத. கம்ப்ரஸர் ரூம்ல குடி வெச்சிருக்காரு. என் பெரிய சூப் சட்டி வெக்க வேண்டிய அலமாரி அது. தூக்கிப் போடுங்கன்னா, 'தொடாத கோரலி, சாஸ்கடூன்ல ஒரு பொண்ணு இத நம்பி இருக்கா'ங்கறாரு."

"எந்தப் பொண்ணு?"

"யாரோ கம்ப்யூட்டர்காரி. இதுல ஓடுதுன்னு இவர் பாத்துச் சொன்னாத்தான் அவளுக்கு அடுத்த வேலையே நடக்குமாம். நீயே சொல்லு கண்ணு, சாஸ்கடூன் அவ்வளவு பெரிய ஊரு. அங்க ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டர் கெடைக்கலையா அவளுக்கு?"

லெஸ்யா வாயைத் திறந்தாள். கோரலி விடவில்லை.

"போன வருஷம் ஜூலைல, ஏரிக்கரைல கூடாரம் போட்டு இருக்கோம். மீன் வறுத்துத் தட்டுல வெச்சுட்டேன். இவர் போன்ல டிங்குன்னுச்சு. எந்திரிச்சிட்டாரு. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், 'ஓடுது'ன்னு ஒரு வார்த்த எழுதறதுக்கு! திரும்பி வர்றப்ப மீன வெச்சு செருப்பு தெச்சிருக்கலாம்."

அந்த ஜூலைப் பதிப்பு லெஸ்யாவுக்கு நினைவிருந்தது. கம்பைலரின் உறவுக்காரர்களில் எங்கோ ஒருவருக்கு ஓட்டை. ஸ்பீலில் ஒரு வரிகூட மாறவில்லை.

"கோரலி," என்றாள். "அந்தப் பொண்ணு நான்தான்."

கோரலி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு ஒரு தட்டை எடுத்து, ஆறு பைரோகியும் ஒரு கரண்டி வதக்கிய வெங்காயமும் போட்டு, அவள் முன்னால் நகர்த்தினாள்.

"மொதல்ல சாப்பிடு," என்றாள். "அப்பறமா திட்டறேன்."

*

குடுவையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்த ஆர்விலிடம் கோரலி ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "வந்துட்டா." அவர் முகம் பனித்தளம் மாதிரி வெளுத்தது.

"லெஸ்யாவா? நீங்களே வந்துட்டீங்களா? எழுதணும்னு நாலு நாளா உக்கார்றேன், எப்படி எழுதறதுன்னு தெரியல. வாங்க. நீங்களே பாத்துருங்க."

பனித்தளத்தை உறையவைக்கும் கம்ப்ரஸர் அறை இரைச்சலாக இருந்தது. அலமாரியின் நடுத்தட்டில், ஒரு பக்கம் தகடு கழற்றப்பட்டு, அந்தக் கணினி. அதன்மேல் கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் சிவப்பு விளக்கு ஒன்று தொங்கியது. பக்கத்தில் ஒரு வெண்ணெய்க் கத்தி.

"சுவிட்சு போயி மூணு வருஷம் ஆச்சு," என்று ஆர்வில் சத்தமாக விளக்கினார். "இந்தக் கத்தியால ரெண்டு கம்பியையும் சேத்துத் தொட்டா எந்திரிக்கும். குளிர் காலத்துல மொதல்ல இருபது நிமிஷம் வெளக்குல காயணும். செவ்வாக்கிழமை உங்க பதிப்பு வந்ததும் வழக்கம் போலத் தொட்டேன். புகை வந்துது. மொதல்ல கொஞ்சம்தான். அப்பறம் கொஞ்சத்த விட அதிகமா."

"ஐயோ, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?"

"எனக்கென்ன? புருவம்தான் கொஞ்சம். ஆனா இது எந்திரிக்கல. பிரின்ஸ் ஆல்பர்ட்ல ஒருத்தர் இந்த மாதிரிப் பழைய பாகமெல்லாம் வெச்சிருக்காராம், திங்கக்கிழமை காலைல போறேன். எப்படியும் கெளப்பிடுவேன். அதுவரைக்கும் உங்க வேலை நின்னுபோச்சே, அதான் மனசு கேக்கல. மன்னிச்சிக்கணும்."

லெஸ்யா அவரைப் பார்த்தாள். இடது புருவம் உண்மையிலேயே பாதிதான் இருந்தது. வழியெல்லாம் தேடிய வாக்கியம் தானாகவே வந்தது.

"ஆர்வில், எனக்கு இந்த மெஷின் வேண்டாம்."

"வேண்டாமா?"

"எப்பவுமே வேண்டியிருந்ததில்ல. உங்களுக்கு வேணும்னு நெனச்சுத்தான் நான் எல்லாத்தையும் வெச்சிருக்கேன்."

அவர் காதுக்குப் பின்னால் கை வைத்தார். இரைச்சலில் கேட்கவில்லையா, கேட்டதை நம்பவில்லையா என்று தெரியவில்லை. லெஸ்யா பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, அலமாரி ஓரத்தில் வைத்துத் திறந்து, அந்தக் கோப்பைக் காட்டினாள். ஆர்வில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆர்விலுக்காக, எடுக்காதே." உதடுகள் அசைய ஒருமுறை வாசித்தார். இன்னொரு முறையும் வாசித்தார்.

"என் பேரு," என்றார்.

"ஆமா. இந்த ஒரு வரிக்காகத்தான் கம்பைலர். அதுக்காக அது கூட்டிட்டு வந்த நானூத்திச் சொச்சம் பேரு."

"நானூறா!"

"நானூத்திப் பதினொண்ணு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ அதுல எதுக்காவது பெரிய சீக்கு வரும். அதச் சரிபண்ணி நான் ஒரு புதுப் பதிப்பு போடுவேன்."

"அத எனக்கு அனுப்புவீங்க."

"நீங்க இதக் கெளப்புவீங்க."

"கெளப்பி, ஓடுதுன்னு எழுதுவேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதப் பாத்துட்டு நீங்க..."

"ஆர்விலுக்கு இன்னும் வேணும்போல இருக்கேன்னு அந்த நானூறையும் வெச்சுக்குவேன்."

அந்த நேரம் பார்த்து கம்ப்ரஸர் நின்றது. அறையில் திடீரென்று அப்படி ஓர் அமைதி. இரண்டு பேரும் கருகிய கணினியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சிரித்தது ஆர்வில்தான். தோள் மட்டும் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. லெஸ்யாவுக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாலயே டிவி வந்துடுச்சுன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே ஆர்வில்?"

"நீங்கதானே போட்டுப் பாத்துச் சொல்ல முடியுமான்னு கேட்டீங்க? தாராளமான்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்பறம் எப்படி..." அவர் கையை விரித்தார். "நீங்களும்தான் கேட்டிருக்கலாம், இந்தப் பழசு இன்னும் எதுக்குன்னு."

"நான் வாக்குக் கொடுத்திருந்தேன்."

"அப்ப சரியாப் போச்சு."

அவர் கையிலிருந்த தடித்த கையுறையை விரல் விரலாகக் கழற்றினார். கை நீட்டினார். லெஸ்யாவும் தன்னுடையதைக் கழற்றினாள். குலுக்கியபோது அவர் கை வெந்நீர் பட்டுச் சூடாக இருந்தது.

"இதுல யாரு ஜெயிச்சது, யாரு தோத்தது?" என்று ஆர்வில் கேட்டார். "யாரு யாருக்கு வாங்கித் தர்றது?"

"அஞ்சு வருஷம் அலமாரி தந்தது நான்," என்றாள் வாசலில் வந்து நின்ற கோரலி. "ரெண்டு பேரும் எனக்கு வாங்கிக் குடுங்க."

*

கவுண்டரிலேயே ஓர் ஓரத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். லெஸ்யா போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

ஜோவென் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "ஆர்வில் உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. பக்கத்துலதான் நிக்கறாரு. புருவம் மட்டும் பாதி போச்சு."

"ஹலோ ஆர்வில்! வினிபெக்ல இருந்து ஜோவென். உங்களப் பத்தி நான் நெறைய தடவ தப்பாப் பேசியிருக்கேன். மன்னிச்சிக்குங்க."

"ஒண்ணும் பிரச்சினையில்லப்பா," என்றார் ஆர்வில்.

"பாத்தியா?" என்றாள் லெஸ்யா போனிடம்.

லெஸ்யா நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். வினிபெக்கிலிருந்து, மேசையில் தலையை முட்டிக்கொள்வது போல ஓர் ஒலி வந்தது. "அஞ்சு வருஷமா டிவி," என்றான் ஜோவென். "அஞ்சு வருஷம். எத்தன முட்டை அவிச்சிருப்பேன்."

"டயட்ட ஸ்பீலுக்குள்ள சேக்கறேன்," என்றாள் லெஸ்யா. "நீயும் பாத்துக்கோ."

கம்பைலரின் பழைய கட்டளைக் கோப்பு திரைக்கு வந்தது. அந்த வரிமேல் சுட்டி துடித்துக்கொண்டிருந்தது. லெஸ்யாவின் விரல் நகரவில்லை. ஆறு வருடமாக அந்த வரியைத் தாண்டித்தான் அவள் ஒவ்வொரு நாளும் உள்ளே போயிருக்கிறாள். அங்கே ஒரு மனிதர் குடியிருப்பதாகவே நினைத்திருந்தாள்.

ஆர்வில் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "அதான் எடமா? அழிங்க அழிங்க. நான் இங்கதானே நிக்கறேன், எங்கயும் போகல."

அழித்தாள். பிறகு நானூற்றுப் பதினொன்றையும் நீக்கும் ஆணையைக் கொடுத்தாள். பெயர்கள் திரையில் மேலே ஓடின. பாதிக்கு மேல் அவள் ஒருமுறைகூடக் கேள்விப்படாத பெயர்கள். யார் என்று தெரியாமலேயே இத்தனை வருடம் சோறு போட்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். ஓட்டம் நின்றது. மிச்சம், இரண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளை ஓடவிட்டாள். ஒரு விநாடி. எல்லாம் பச்சை. அவளுக்கும் நம்பிக்கை வராமல் இன்னொரு முறை ஓட்டினாள்.

"சொன்னேன்ல," என்றான் ஜோவென். "மூணாவது தடவையும் ஓட்டுவ பாரு."

ஓட்டினாள். பச்சை.

"வெளியிடற பட்டன நீயே அமுக்கு ஜோவென். உன் வேலை இது."

"உன் லைப்ரரி."

"நம்மளது. அமுக்கறியா, இல்ல கோரலிய அமுக்கச் சொல்லவா?"

அவன் அமுக்கினான். பதினேழு சிவப்பு எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி ஒன்று கொஞ்சம் அடம்பிடித்து, அதுவும் போனது. அந்தப் பக்கம் இவ்வளவு காலியாக இருந்து லெஸ்யா பார்த்ததே இல்லை.

"ஆர்க்டிக் வாத்தியாருக்கு நான் எழுதறேன்," என்றான் ஜோவென். குரலில் சிரிப்பு திரும்பியிருந்தது. "மணியடிக்கறதுக்கு முன்னாலயே இறங்கிடும்னு. லெஸ்... தனியா நடத்தறேன்னு சொன்னேன்ல, அத மறந்துரு."

"எதச் சொன்ன?"

"குட். பை ஆர்வில்! பனி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா," என்றார் ஆர்வில் பெருமையாக.

கிளப்பின் இணையப் பக்கத்தில் ஆர்விலே புதிய பதிப்பை ஏற்றினார். எல்லாரும் மேலே பார்த்தார்கள். டிவி ஒரு கணம் கறுத்தது. பெயர்களும் கோடுகளும் அதே இடத்தில், முன்னைவிடச் சட்டென்று, வந்து உட்கார்ந்தன.

பின்னால் ஏதோ உரசும் சத்தம். கோரலி கருகிய கணினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். "யாராவது மனசு மாறறதுக்குள்ள," என்றாள். திரும்பி வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பெரிய சூப் சட்டியை எடுத்துக்கொண்டு கம்ப்ரஸர் அறைக்குப் போனாள்.

"அப்ப இனிமே நீங்க எனக்கு அனுப்ப மாட்டீங்க," என்றார் ஆர்வில். நிம்மதியாகத்தான் சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் அங்கேயே நின்றார்.

"அனுப்பினா நீங்க மீன விட்டுட்டு எந்திரிச்சிடுவீங்களே."

"போன்லயே பாத்துடலாமே இப்ப. மீனத் தின்னுக்கிட்டே."

லெஸ்யா கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த குட்டிக் கணினியைப் பைக்குள்ளேயே ஆழமாகத் தள்ளிவிட்டாள். இந்தக் கிளப்பில் இனி இன்னொரு பெட்டி வேண்டாம்.

அடுத்த சுற்றுக்கு மணி அடித்தது. பிக்கர்டன் அணித்தலைவர், துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளிடம் வந்தார். "கோரலி சொன்னாங்க நீங்க ஆடுவீங்கன்னு. எங்களுக்கு ஒரு ஆள் குறையுது. இன்னிக்கு ரெண்டு மணி ஆட்டம், ஜெயிச்சா நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வேற வேல ஏதும் இருக்கா?"

லெஸ்யா மடிக்கணினியைப் பார்த்தாள். காலியான பக்கம். மூடினாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள். சொல்லும்போதே அந்த வார்த்தைகளின் சுவை வாய்க்குள் வெண்ணெய்போல இறங்கியது. "எந்த வேலையும் இல்ல."

ஆர்வில் போனில் ஏதோ தட்டினார். மேலே, டிவியில், பிக்கர்டன் அணியின் நாலாவது பெயர் அழிந்து, அந்த இடத்தில் லெஸ்யா என்று வந்தது. எட்டு வருடமாக ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் வரைந்து காட்டிய கோடுகள், அவள் பெயரிலிருந்து கிளம்பி, இரண்டு மணிக்கு ஒரு பெட்டியையும் அதற்கு அப்பால் ஞாயிறு பத்து மணி என்று எழுதிய இன்னொரு பெட்டியையும் நோக்கி நேராகப் போயின.

பையிலிருந்த போன் டிங் என்றது. ஸ்பீலின் இணையப் பக்கத்தில், புதிய பதிப்பின் கீழே, முதல் செய்தி.

"போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது. பனி நன்றாக இருக்கிறது. வந்து ஆடிப் பாருங்கள்."

நிமிர்ந்தாள். ஆர்வில் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதுவும் தெரியாதவர் மாதிரி குடுவையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.